நாற்பத்தோராம் இலக்கத் தரிப்பிடம்

1984ஆம் ஆண்டு மார்ச் கடைசியில் மாமாங்கம் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு அரசாங்கக் குடியிருப்பில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. மட்டக்களப்பில் பொதுவேலைத் திணைக்களத்தில் இருபத்திரண்டு வருடம் கட்டட வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியராக இருந்தவர். பாலம், மதகு, பள்ளிக்கூடம் என்று கொங்கிறீற்றோடு காலத்தைக் கழித்தவர். 83 ஜூலையில் திணைக்களத்துப் பயிற்சி ஒன்றுக்காகக் கொழும்புக்குப் போயிருந்தார். தமிழருக்கு எதிரான கலவரத்தில் அவர் தங்கியிருந்த வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். பின்மதிலால் ஏறிக் குதித்து உயிர் தப்பினார். அதற்குப் பிறகு அந்த அரசாங்கத்துக்கு உழைக்க அவருக்கு மனம் வரவில்லை. மனைவி மனோரஞ்சிதத்தையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு, மைத்துனர் ஒருவரின் உதவியோடு ரொறன்ரோவுக்கு வந்து, பார்க்டேலில் ஐந்து பேரோடு ஒரே அறையில் படுத்தெழும்பினார். துப்புரவு வேலை கிடைத்ததும் அறையில் இருந்தவர்கள் கைகொடுத்தார்கள். கவுண்மேந்து வேலை, மாசம் பிறந்தால் சம்பளம், இதைவிட என்ன வேண்டும் என்றார்கள்.

குடியிருப்பு ஈஸ்ற்லேக் வீடமைப்புக் கூட்டுத்தாபனத்துக்குச் சொந்தமானது. இருபது மாடியில் இரண்டு கோபுரங்கள், நடுவில் ஒரு முற்றம். முற்றத்துக்குக் கீழே நூற்றறுபது கார்கள் நிற்கக்கூடிய நிலவறை. முற்றத்தின் தரைதான் நிலவறையின் கூரை. மாமாங்கத்தின் வேலை நிலவறையைக் கூட்டிக் கழுவுவதில் தொடங்கியது. முதல் கிழமையிலேயே அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கூரையின் வெடிப்புகளிலிருந்து வெள்ளை ஊசிகள் தொங்கின. கொங்கிறீற்றுக்குள் தண்ணீர் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். சில இடங்களில் வெள்ளைக்குப் பதிலாகச் செம்மண் நிறத்தில் ஒழுகியிருந்தது. அது இரும்பு. பனிக்காலம் முழுக்க மேலே பாதைக்குக் கொட்டுகிற உப்பு, பனி உருகும்போது வெடிப்பு வழியாக இறங்கி உள்ளேயிருந்த கம்பியைத் தின்றுகொண்டிருந்தது.

அவர் கருவி அறையிலிருந்து ஒரு சுத்தியலையும் ஏணியையும் எடுத்துவந்து தட்டிப் பார்த்தார். நல்ல கொங்கிறீற் கணீரென்று கேட்கும். உள்ளே கம்பி துருவேறிக் கறள் பிடித்துப் பொருமி, மேல்பட்டை கழன்றுவிட்டால் வெறும்பானையைத் தட்டியதுபோலக் கேட்கும். லிஃப்ற் கதவுக்குப் பக்கத்து 14ஆம் தூணைச் சுற்றி, நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்துநான்கு வரையான கார்த் தரிப்பிடங்களுக்கு மேலே, அவர் தட்டிய இடமெல்லாம் வெறும்பானைச் சத்தம்தான்.

அவர் அதைக் கட்டடத்துக்குப் பொறுப்பாக அப்போது இருந்த சுப்பரிடம் சொல்ல, சுப்பர் மாவட்ட மனேச்சர் டன்னிங்கிடம் சொல்ல, டன்னிங் உடனே ஒரு பொறியியல் நிறுவனத்தைக் கூப்பிட்டார். இலையுதிர்காலத்தில் அறிக்கை வந்தது. நிலவறைக் கூரையைத் திருத்த ஒரு இலட்சத்து எண்பதாயிரம் டொலர் வேண்டும், இரண்டு வருடத்துக்குள் செய்தாக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். துப்புரவுத் தொழிலாளியின் சொல்லைக் கேட்டு ஒரு அரசாங்கம் எஞ்சினியரை அனுப்பியது மாமாங்கத்துக்குப் பெருமையாக இருந்தது. ஊருக்கு எழுதிய கடிதத்தில்கூட அதைக் குறிப்பிட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. 85 வசந்தத்தில் அவர் டன்னிங்கின் அறைக்கே போய்க் கேட்டார். டன்னிங் கெட்ட மனிதர் அல்ல. கதிரையில் இருக்கச் சொல்லிக் கோப்பியும் கொடுத்து விளக்கினார். இப்படியான பெரிய திருத்தத்துக்கு நகரம் ஒரு பங்கு, மாகாணம் ஒரு பங்கு, ஒட்டாவா மத்திய அரசு ஒரு பங்கு கொடுக்க வேண்டும். மற்ற இருவரும் தங்கள் பங்கை ஒதுக்கினால் நாங்கள் தருகிறோம் என்று மூவரும் கடிதம் எழுதியிருந்தார்கள்.

"இந்த வருடம் லிஃப்ற் திருத்த வேண்டும். லிஃப்ற் நின்றால் சனம் சத்தம்போடும், பத்திரிகைக்காரன் வருவான். கூரை பேசாமல் இருக்கிறது. அதனால் அது காத்திருக்கும்" என்றார் டன்னிங். "அடுத்த வருடத் திட்டத்தில் போட்டிருக்கிறேன்."

அடுத்த வருடத் திட்டத்திலும் அது இருந்தது. அதற்கடுத்த வருடத் திட்டத்திலும் இருந்தது. 86இல் வந்த இரண்டாவது அறிக்கை செலவை மூன்று இலட்சத்துக்கு மேல் என்றது.

அந்த வருடம்தான் பழைய சுப்பர் ஓய்வுபெற, மாமாங்கத்தை டன்னிங் சுப்பராக்கினார். கீழ்மாடியில் வாடகையில்லாத இரண்டு அறை வீடு வந்தது. மனோரஞ்சிதத்தையும் பிள்ளைகளையும் கூப்பிட முன்பே போட்டிருந்த விண்ணப்பத்துக்கு வேலைக்கடிதமும் வீட்டு விலாசமும்தான் மிச்சம். இரண்டும் ஒரே நாளில் கைக்கு வந்தன. அவற்றோடு ஒரு கட்டுப் படிவமும் வந்தது. மாதத்துக்கு ஒருமுறை கட்டடத்தைப் பார்த்து நிரப்ப வேண்டிய படிவம். நிலவறைக் கூரைக்கு எதிரே இரண்டு சதுரங்கள் இருந்தன. ஒன்று 'திருப்தி', மற்றது 'உடனடி ஆபத்து.'

முதல் மாதம் மாமாங்கம் இரண்டாவது சதுரத்தில் கோடு போட்டார். மறுநாள் காலையில் டன்னிங் நேரே வந்துவிட்டார்.

"நீங்கள் எஞ்சினியரா?"

"இல்லை."

"இந்தச் சதுரத்தில் கோடு போட்டால் சட்டப்படி நான் நிலவறையை இன்றைக்கே மூட வேண்டும். நூற்றறுபது கார்களை எங்கே விடுவது? தரிப்பிட வாடகை நின்றால் சூடாக்கிற எண்ணெய்க்கு எங்கே போவது? எஞ்சினியரே இரண்டு வருடம் என்று எழுதியிருக்கும்போது, நீங்கள் இன்றைக்கு விழும் என்கிறீர்கள்."

"இரண்டு வருடம் இந்த ஒக்ரோபரோடு முடிகிறது" என்றார் மாமாங்கம்.

டன்னிங் அந்தப் படிவத்தை அவரிடமே நீட்டினார். "உங்கள் மனைவியின் விண்ணப்பம் எந்த அளவில் இருக்கிறது?" என்று கேட்டார். அவர் அதை வெருட்டாகக் கேட்டாரோ அன்பாகக் கேட்டாரோ, மாமாங்கத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை. மாமாங்கம் புதுப் படிவம் ஒன்று எடுத்து 'திருப்தி' என்ற சதுரத்தில் கோடு போட்டார். அடியில் குறிப்புக்கு விட்டிருந்த இடத்தில், 14ஆம் தூணைச் சுற்றிக் கூரை கழன்றிருக்கிறது, முட்டுக்கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிட்டு, ஒரு கொப்பியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். டன்னிங்கும் சும்மா இருக்கவில்லை. சில்லறைச் செலவுப் பணத்தில் எட்டு இரும்பு முட்டுக்கால்களை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார். மாமாங்கம் தன் கையாலேயே அவற்றைத் தூணைச் சுற்றி நிறுத்தி இறுக்கினார். செப்ரெம்பரில் மனோரஞ்சிதம் பிள்ளைகளோடு வந்து இறங்கினாள்.

87இல் தலைமை அலுவலகத்துக்குக் கம்பியூட்டர் வந்தது. படிவமும் மாறியது. புதுப் படிவத்தில் குறிப்பு எழுத இடமில்லை. எழுதினால் ஏற்றிக்கொள்ள மெசினில் வழியில்லை என்றார்கள். அதே வருடம் ஓகஸ்ற் மாதம் ஒரு லொறி வந்து முட்டுக்கால்களைக் கழற்றியது. மாமாங்கம் ஓடிப்போய் மறித்துவிட்டு டன்னிங்குக்கு போன் எடுத்தார்.

"எனக்கும் விருப்பமில்லை" என்றது டன்னிங்கின் குரல். "திருத்த வேலையை ஐந்து வருடத் திட்டத்தில் சேர்த்து, கொள்கையளவில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். அனுமதி கிடைத்த வேலைக்குத் தற்காலிகச் செலவு காட்ட முடியாது. கணக்காய்வில் அந்தச் செலவை வெட்டிவிட்டார்கள்."

"அனுமதி கிடைத்துவிட்டதென்றால் எப்போது செய்வார்கள்?"

"தொண்ணூறில்."

அன்று பின்னேரம் மாமாங்கம் நிலவறையில் நெடுநேரம் நின்றார். நாற்பத்துமூன்றும் நாற்பத்துநான்கும் வெறுமையாக இருந்தன. கோடு அழிந்துவிட்டது, பெயின்ற் அடிக்க வேண்டும் என்று சாட்டுச் சொல்லி அவற்றை அவர் வாடகைக்கு விடாமல் வைத்திருந்தார். நாற்பத்திரண்டில் ஒரு பழைய கார் சக்கரத்தில் காற்றிறங்கி நின்றது. அதன் சொந்தக்காரன் அந்தப் பக்கம் வருவதேயில்லை. மிச்சம் நாற்பத்தொன்று. அது அருள்நாயகம் குடும்பத்தின் இடம்.

அருள்நாயகமும் செலீனும் ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கர். 86இல் வந்து எட்டாம் மாடியில் குடியேறினார்கள். அவன் ஒஷாவாவில் பின்னேர வேலை, கூட வேலை செய்கிற ஒருவனின் காரில் போய்வருவான். தங்கள் காரில் செலீன்தான் காலையில் இரண்டு பிள்ளைகளையும் பராமரிக்கிற இடத்தில் விட்டுவிட்டுத் தையல் தொழிற்சாலைக்குப் போவாள். பனிக்காலத்தில் பிள்ளைகளைப் பின் சீற்றில் கட்டிவிட்டு, கார் சூடேறும்வரை கால்மணி நேரம் அந்தக் கூரைக்குக் கீழே இருப்பாள். மாமாங்கம் கடந்து போகும்போது சின்னவன் கண்ணாடிக்குள்ளிருந்து கை அசைப்பான்.

ஆறாம் மாடியில் மிஸிஸ் கிராண்ட் என்றொரு ஜமேக்காக்காரி இருந்தார். அறுபதைத் தாண்டியவர், ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறையில் வேலை. தனி ஆள். அவருடைய தரிப்பிடம் எண்பத்தெட்டு, நிலவறையின் கடைக்கோடியில். முழங்கால் வருத்தம் என்று லிஃப்றுக்குப் பக்கத்தில் ஒரு இடம் தரச்சொல்லி மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமாங்கம் இரண்டு நாள் யோசித்தார். எண்பத்தெட்டுக்கு மேலே கொங்கிறீற் கணீரென்று கேட்டது. மிஸிஸ் கிராண்ட் காரில் ஏறினால் உடனே போய்விடுவார், வந்தால் உடனே இறங்கிவிடுவார். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் அந்த இடத்தில் அவர் நிற்கமாட்டார். செலீனோ இரண்டு குழந்தைகளோடு கால்மணி நேரம். இப்படித்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். செலீன் தமிழ்ப் பிள்ளை, மனோரஞ்சிதத்தின் சிநேகிதி, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்துபோகிறவள் என்பதை அவர் அந்த யோசனைக்குள் கொண்டுவரவில்லை. ஆனால் அது உள்ளே இருந்தது.

"ஏன் அண்ணை எங்களை மாத்துறியள்?" என்று செலீன் கேட்டாள்.

"அங்கால லைற் சரியில்ல புள்ள. எண்பத்தெட்டுல நல்ல வெளிச்சம் இரிக்கு. புள்ளைகளோட நிண்டு கதவு திறக்கிற உங்களுக்கு அதுதான் நல்லம்."

"அப்ப சரி அண்ணை, நீங்கள் சொன்னால் சரிதானே."

மிஸிஸ் கிராண்ட் காரணமே கேட்கவில்லை. அவர் மாமாங்கத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக் கடவுள் உன்னை ஆசீர்வதிப்பார் என்றார். அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு றம் போட்ட கேக் ஒன்றைத் தகரப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். மகள்கள் இருவரும் அதை இரண்டு நாளில் முடித்துவிட்டார்கள்.

"நீங்க ஏன் தொடவேயில்ல?" என்று மனோரஞ்சிதம் கேட்டாள்.

"சாராயம் போட்டது கா, எனக்கு ஒத்துவராது" என்றார்.

88 தேர்தல் வருடம். கூட்டுத்தாபனத்துக்கு எங்கிருந்தோ அழகுபடுத்தும் திட்டம் என்று ஒரு பணம் வந்தது. பழுதுபார்க்கிற வேலைக்கு அந்தப் பணத்தைத் தொடக்கூடாது, புதிதாகச் செய்கிற வேலைக்கு மட்டும்தான் என்பது விதி. ஜூன் மாதத்தில் லொறிகள் முற்றத்துக்குள் வந்தன. சீமெந்தில் வார்த்த பெரிய பூந்தொட்டிகள் பன்னிரண்டை இறக்கி, ஒவ்வொன்றிலும் இடுப்பளவு மண் கொட்டி, சீடர் கன்றுகளை நட்டார்கள். மூன்று தொட்டிகள் 14ஆம் தூணுக்கு நேர்மேலே வந்தன. மாமாங்கம் ஒப்பந்தக்காரனிடம் போய்த் தொட்டிகளைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லிக் கெஞ்சினார். அவன் வரைபடத்தை விரித்துக் காட்டினான். வரைபடத்தில் மூன்று முத்திரைகள் இருந்தன. டன்னிங்குக்கு போன் எடுத்தார். அழகுபடுத்தும் திட்டம் வேறு பிரிவு, என் கையில் இல்லை, ஆனால் கடிதம் எழுதுகிறேன் என்றார் டன்னிங். கடிதம் எழுதினார் என்பது பிறகு விசாரணையில் தெரிந்தது. பதில் வந்ததாகத் தெரியவில்லை.

செப்ரெம்பரில் நகரசபை உறுப்பினர் ஒருவர் வந்து றிபன் வெட்டினார். குடியிருந்த சனத்துக்கும் சந்தோஷம்தான். பதினைந்து வருடமாக வெறும் தாராகக் கிடந்த இடத்தில் பச்சையாக ஏதோ நின்றது. மிஸிஸ் கிராண்ட் பின்னேரங்களில் ஒரு தொட்டியின் விளிம்பில் வந்து இருந்து வெயில் காய்வார். மாமாங்கம் கீழே போய்ப் பார்த்தார். தூணைச் சுற்றிப் புதிதாக ஒரு வெடிப்பு, மோதிரம் போட்டதுபோல. அந்த மாதப் படிவத்தையும் அவர் 'திருப்தி' என்றே நிரப்பி அனுப்பினார். மகள்கள் இருவரும் உயர்தரப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் முப்பது நாளில் வெளியே போக வேண்டும்.

89 மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. கிழமை முழுக்கப் பனி கொட்டியிருந்தது. பனி தள்ளுகிற வண்டிக்காரன் முற்றத்துப் பனியையெல்லாம் தொட்டிகளோடு சேர்த்துக் குவித்துவிட்டுப் போயிருந்தான். திங்களிலிருந்து ஓயாத மழை. பனி மழைநீரைக் குடித்துக் குடித்து ஊறிக் கிடந்தது. பின்னேரம் மூன்றே முக்கால் மணியிருக்கும். மாமாங்கம் முன்மண்டபத்தில் ஈரம் துடைத்துக்கொண்டிருந்தபோது காலுக்குக் கீழே தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. குப்பை லொறி எதையோ கொட்டிவிட்டது என்று முதலில் நினைத்தார். பிறகு கண்ணாடிக் கதவால் பார்த்தார். முற்றத்தின் நடுவில் மூன்று சீடர் கன்றுகளைக் காணவில்லை.

படியால் இறங்கி ஓடினார். கீழே புழுதிக்குள் ஒன்றும் தெரியவில்லை. கார் ஒன்றின் ஹோர்ன் நிற்காமல் கத்திக்கொண்டிருந்தது. புழுதி கொஞ்சம் அடங்கியபோது, உடைந்த தளத்தின் மேல் ஒரு சீடர் கன்று சரியாமல் நேராக நின்றது. அதற்குக் கீழே மிஸிஸ் கிராண்டின் நீலக் காரின் பின்பக்கம் தெரிந்தது. அவர் வேலையால் வந்து காரை நிறுத்தியிருந்தார். இறங்குவதற்குள் நடந்துவிட்டது. மாமாங்கம் வெறுங்கையால் கொங்கிறீற் துண்டுகளை இழுத்தார். தீயணைப்புக்காரர்கள் வந்து அவரைத் தூக்கி அப்பால் விட்டார்கள். உடலை எடுக்க நான்கு மணி நேரம் சென்றது. அவர் அவ்வளவு நேரமும் கைகளில் இரத்தம் காயக் காய அங்கேயே நின்றார். பக்கத்துச் சுவரில் 41 என்ற இலக்கம் அப்படியே இருந்தது.

அன்று இரவு செலீன் கதவைத் தட்டினாள். உள்ளே வந்தவள் சப்பாத்து வைக்கிற பலகையிலேயே இருந்துவிட்டாள்.

"அண்ணை, அது எங்கட இடமெல்லோ."

"ஓம்."

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

மனோரஞ்சிதம் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் விளங்கியது.

"என்ர பிள்ளையளக் காப்பாத்தினதுக்கு உங்களைக் கும்பிடுறதோ, இல்லாட்டி என்ன செய்யிறது எண்டு எனக்குத் தெரியேல்ல அண்ணை," என்றாள் செலீன். "உண்மையச் சொல்லியிருந்தால் நாங்கள் காரை றோட்டில விட்டிருப்பம். அந்த மனிசியும் விட்டிருக்கும்."

அவள் எழுந்து போனாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. ஜூலையில் குடும்பமாக வீடு மாறிப் போனார்கள். போகும்போது அருள்நாயகம் மட்டும் வந்து வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

கூரை விழுந்த மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து மாமாங்கத்தின் அறையிலிருந்த கோப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். மாதம் தவறாமல் முப்பத்தொரு படிவம். எல்லாவற்றிலும் 'திருப்தி', எல்லாவற்றிலும் அவருடைய கையொப்பம். இரண்டாம் நாள் பத்திரிகையில் கூட்டுத்தாபனத்தின் அறிக்கை வந்தது: கட்டடத்துக்குப் பொறுப்பான ஊழியரின் மாதாந்தப் பதிவுகளில் எந்தக் குறையும் குறிப்பிடப்படவில்லை. குடியிருந்தவர்கள் அவரைக் கண்டால் லிஃப்றில் ஏறாமல் நின்றார்கள். யாரோ வீட்டுக் கதவில் துப்பிவிட்டுப் போனார்கள். மூத்த மகள் துணியும் வாளியும் எடுத்துத் துடைத்தாள்.

"குறிப்பு எழுதின படிவத்தின்ர கொப்பி உங்கக்கிட்ட இரிக்குத்தானே?" என்றாள் மனோரஞ்சிதம். "அதைக் குடுங்க. நீங்க சொன்ன ஆள், அவங்கதான் கேக்கல்ல."

"நான் சொன்னநான்தான்," என்றார் மாமாங்கம். "மறுகா சொல்லாம விட்டதும் நான்தான்."

ஒக்ரோபரில் மரண விசாரணை நடந்தது. ஐந்து பேர் கொண்ட ஜூரி, பன்னிரண்டு நாள். மாமாங்கம் கொடுத்த கொப்பிகளால் மற்றக் கடதாசிகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 84 அறிக்கை, 86 அறிக்கை, ஐந்தரை இலட்சம் என்று சொன்ன 88 அறிக்கை, மூன்று அரசாங்கங்களும் ஒருவரையொருவர் பார்த்திருந்த கடிதங்கள். அதிகாரிகள் வந்து சாட்சி சொன்னார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. திட்டப் பிரிவு தன் விதிப்படி செய்தது. நிதிப் பிரிவும் தன் விதிப்படி செய்தது. கணக்காய்வுக்காரருக்கு முட்டுக்கால் எதற்கு நின்றது என்றே தெரியாது, அது செலவுப் பட்டியலில் ஒரு வரி. டன்னிங் கூண்டில் நின்று, ஐந்து வருடமும் நான் எழுதிக்கொண்டே இருந்தேன் என்றார். யாரிலும் குற்றம் சுமத்துவது இந்த விசாரணையின் வேலை அல்ல என்று விசாரணை அதிகாரி முதல் நாளே ஜூரிக்குச் சொல்லியிருந்தார். சட்டமும் அதுதான்.

மாமாங்கம் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று ஆங்கிலத்திலேயே பேசினார். இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். முடிவில், வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று விசாரணை அதிகாரி வழக்கமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"இருக்கிறது," என்றார் மாமாங்கம். "நாற்பத்தோராம் இடம் மிஸிஸ் கிராண்டின் இடமல்ல. அங்கே வேறொரு குடும்பம் இருந்தது. கூரை பழுது என்று எனக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தை எடுத்துவிட்டு இவரை அங்கே போட்டது நான்."

கூட்டுத்தாபனத்தின் வக்கீல் எழுந்து, தரிப்பிடம் ஒதுக்குவது இந்த விசாரணையின் எல்லைக்குள் வராது என்றார். விசாரணை அதிகாரி அதை ஏற்றுக்கொண்டு, நன்றி, நீங்கள் இறங்கலாம் என்றார். அதைப்பற்றி வேறு யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

வெளியே நடைபாதையில் மிஸிஸ் கிராண்டின் மகள் இவோன் நின்றாள். ஹமில்ரனில் ஆசிரியை. பன்னிரண்டு நாளும் முன்வரிசையில் இருந்தவள்.

"அந்தக் குடும்பம் யார்?" என்று கேட்டாள்.

"எங்கள் நாட்டு ஆட்கள். இரண்டு சின்னப் பிள்ளைகள்."

"என் அம்மாவை அந்த இடத்தில் போடும்போது, அவரை உங்களுக்குத் தெரியுமா? பெயரளவில் அல்ல. தெரியுமா?"

"தெரியும்" என்றார் மாமாங்கம்.

"உள்ளே அத்தனை பேர் வந்து போனார்கள். ஒருவருக்கும் அவரைத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது." அவள் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நடந்துபோனாள்.

ஜூரி அதை விபத்து என்று எழுதி, பதினான்கு பரிந்துரைகளைக் கொடுத்தது. நிதி கிடைப்பதைப் பொறுத்து அவற்றைக் கவனத்தில் எடுப்பதாகக் கூட்டுத்தாபனம் பதில் அனுப்பியது. நிலவறையை அவசர நிதியில் பதினொரு இலட்சம் செலவழித்துத் திருத்தினார்கள். அந்தப் பணம், வேறு ஆறு கட்டடங்களின் திருத்தத்துக்கு அடுத்த வருடம் என்று வைத்திருந்த பணம். டன்னிங்கை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். மாமாங்கத்தை யாரும் நிற்பாட்டவில்லை. அவராகவே நவம்பரில் வேலையை விட்டார். வீடும் போனது. கிங்ஸ்ரன் வீதிப் பக்கமாக ஒரு நிலக்கீழ் வீட்டுக்குக் குடிபோய், பாண் சுடுகிற தொழிற்சாலை ஒன்றில் தட்டு அடுக்குகிற வேலைக்குச் சேர்ந்தார். ஓவசியராக இருந்தவர் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

டிசெம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரும் மனோரஞ்சிதமும் இரண்டு பஸ் மாறி மயானத்துக்குப் போனார்கள். கையில் என்ன கொண்டுபோவது என்று தெரியாமல், கடைசியில் வெறுங்கையோடு போனார்கள். மிஸிஸ் கிராண்டுக்கு இன்னும் கல் நடவில்லை. அலுவலகத்தில் இருந்தவர் வரைபடத்தில் ஒரு வரிசையையும் இலக்கத்தையும் காட்டி அனுப்பினார். வரிசையைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் இலக்கத் தகடுகள் எல்லாம் பனிக்குக் கீழே கிடந்தன. மனோரஞ்சிதம் குனிந்து கையுறையால் ஒரு இடத்தில் பனியை ஒதுக்கினாள். புல்தான் வந்தது. இரண்டடி தள்ளி ஒதுக்கினாள். அங்கேயும் புல்.

"விடு கா, கை விறைச்சிரும்" என்றார் மாமாங்கம்.

அவள் விடவில்லை. அவரும் பக்கத்தில் முழந்தாளிட்டு இருந்து பனியை ஒதுக்கத் தொடங்கினார்.